மீன் டெம்போவில் வந்த ரத்தம்

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு நான் வெளியே வந்த அன்று எனக்காக ஒரு கேக் வெட்டினார்கள். எல்லாரும் இரண்டு வார்த்தை நல்லதாகச் சொன்னார்கள். பதில் பேச என் முறை வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் மீதிக் கேக்கைத் தட்டோடு தூக்கிக்கொண்டு நடந்தேன். சிவப்பணுப் பைகள் வைக்கும் குளிர்பெட்டியின் கதவைத் திறந்து கேக்கை உள்ளே வைக்கப் போன நேரத்தில் யாரோ என் கையைப் பிடித்தார்கள். ரத்தம் இருக்கும் இடத்தில் தின்பண்டம் வைக்கக் கூடாது என்று புதிதாக வந்த ஒவ்வொருவருக்கும் வகுப்பெடுத்த மனிதன் நான்தான். கடைசி நாளில் அந்த வகுப்பின் லட்சணம் இப்படி இருந்தது.

ரத்த வங்கியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பதற்றம் வந்தால் என் கை தானாகக் குளிர்பெட்டியைத் தேடும். உங்கள் கையும் தேட ஆரம்பிக்கும், பாருங்கள். எங்கள் தொழிலுக்குக் குளிர்தான் குலதெய்வம். வண்டி தாமதமா, குளிரில் வை. மின்சாரம் போய்விடும் போலிருக்கிறதா, குளிரில் வை. மேலதிகாரி வருகிறாரா, நீயே போய்க் குளிர் அறையில் நின்றுகொள்.

அந்தத் தெய்வத்தைக் கும்பிடாத பிள்ளை ஒன்று இதே வீட்டில் இருக்கிறது. ஒரு மனிதர் கொடுக்கும் ஒரு பை ரத்தத்தைச் சுழற்றி மூன்றாகப் பிரிக்கிறோம். சிவப்பணு குளிர்பெட்டியில் வாரக்கணக்கில் இருக்கும். பிளாஸ்மாவைக் கல்லாக உறைய வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். மூன்றாவதான பிளேட்லெட்டுக்குக் குளிரே ஆகாது. ஏ.சி. அறையின் இதமான சூட்டில், ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில், ஐந்து நாள்தான் அதன் ஆயுள். அந்த ஆடும் பெட்டியை எங்கள் அறையில் எல்லாரும் ‘தோல்னா’ என்பார்கள். வங்காளத்தில் ஊஞ்சல். மூன்றும் பிறந்தது ஒரே உடம்பில் என்றால் நம்புவது கஷ்டம். கூட்டுக் குடும்பத்தில் ஒருவருக்கு மின்விசிறி வேண்டும், இன்னொருவருக்குப் போர்வை வேண்டும் என்பது போல.

பிரிப்பதற்கு முன்பே பையைக் குளிர வைத்துவிட்டால் அதிலிருந்து நல்ல பிளேட்லெட் வராது. குளிரில் அது செத்துப்போனாலாவது பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். வம்பு என்னவென்றால் அது சாகாது, உருவம் மாறிவிடும். தட்டையாக இருந்தது முள்ளு முள்ளாக உருண்டுபோகும். எண்ணிப் பார்த்தால் எண்ணிக்கை சரியாக இருக்கும். நோயாளியின் உடம்புக்குள் போனதும் கல்லீரல் அதைப் பொறுக்கி எடுத்து ஒழித்துவிடும். ரத்தக் கசிவு நிற்காது.

ஒரு துர்கா பூஜையின் சஷ்டி நாளில் இந்தப் பாடம் என் தலையில் ஐஸ்கட்டியாக விழுந்தது.

அந்த வருடம் கொல்கத்தாவில் டெங்கு கடுமை. பூஜை நெருங்க நெருங்க ஊர் முழுக்கத் துணிக்கடையில் நின்றது, ரத்தம் கொடுக்க ஆளில்லை. ரத்ததான முகாம்களும் நின்றுபோயின. தோல்னாவில் இருந்த கடைசிப் பைகளையும் காலையிலேயே வார்டுக்குக் கொடுத்தாகிவிட்டது. ஆள் இல்லாத ஊஞ்சலாக அது வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது. அன்று காலை காளிகாட் சந்து ஒன்றில் ஒரு கிளப் எங்களுக்காகவே முகாம் வைத்திருந்தது. பூஜை நாளில் முகாம் வைக்க எந்த கிளப்புக்கும் மனம் வராது. இதை வைத்தவர் அதன் செயலாளர், சந்து முழுக்க எல்லாருக்கும் ‘தா’, அதாவது அண்ணனான பொல்ட்டு-தா. மொத்த மீன் வியாபாரி. குரல் மட்டும் தனியாக ஒரு ஒலிபெருக்கி. வருடாவருடம் முகாம் நடத்துவார், வந்தவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலருகே நிற்பார், பயந்தவர்களுக்குச் சிரிப்பு காட்டுவார். அவர் ஒரு சொல் சொன்னால் சந்தே வந்து படுத்துவிடும்.

மேல்மாடி வார்டில் கனகம் மதினி இருந்தார்கள். லேக் மார்க்கெட்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சியின் மனைவி. என் அப்பா கார்டன் ரீச்சில் ரயில்வே வேலையில் இருந்த காலத்திலிருந்தே எங்கள் வீட்டுப் புளியும் பெருங்காயமும் அவர்கள் கடையிலிருந்துதான். மதினிக்கு டெங்கு. பிளேட்லெட் மளமளவென்று இறங்கி, ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது. அன்று மதியம் பார்க்கப் போனேன்.

“நீ ஏன்டே மூஞ்சிய இப்படித் தொங்கப் போட்டிருக்க? காய்ச்சல் எனக்கா ஒனக்கா?” என்றார்கள்.

“ஒண்ணுமில்ல மதினி. சும்மாதான்.”

“சும்மா வந்தவன் மாதிரி தெரியல. காப்பிப்பொடி தீந்துட்டா? கடையில கேட்டா தருவாவல்லா.”

பேசும்போது கைக்குட்டையை வாயருகே வைத்துக்கொண்டார்கள். பேச்சு முடிந்ததும் அதை மடித்துத் தலையணைக்கு அடியில் தள்ளினார்கள். நான் பார்க்கவில்லை என்று நினைத்தார்கள் போல. ரத்தப் பைகளைப் பார்த்தே பிழைப்பு நடத்தியவனுக்கு அந்தக் கைக்குட்டையைப் பார்க்க முடியவில்லை. வார்டு டாக்டர் என்னை வெளியே அழைத்துப் போய், “மூக்கிலும் கசிய ஆரம்பிச்சிருக்கு. சாயங்காலத்துக்குள்ள பிளேட்லெட் ஏத்தணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க” என்றார்.

“முகாம் ரத்தம் வந்துக்கிட்டிருக்கு. கண்டிப்பா தர்றோம்” என்றேன். நீங்கள் யாரும் ‘கண்டிப்பா’ என்ற சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். எனக்கு அது ராசியில்லாத சொல்.

கீழே வந்ததும் முகாமுக்குப் போயிருந்த எங்கள் டெக்னீஷியன் பெண்ணிடமிருந்து போன். பூஜைக் கூட்டத்துக்காகச் சாலையை அடைத்துவிட்டார்கள், எங்கள் வண்டி சந்துக்குள் வர முடியவில்லை. இன்னும் ரத்தம் கொடுக்க ஆட்கள் வரிசையில் இருப்பதால் அவளால் நகர முடியாது. பொல்ட்டு-தாவின் டெம்போவுக்கு மட்டும் மார்க்கெட் வழியாக வெளியேற வழி இருந்தது. பைகளைச் சரியாகப் பெட்டிகளில் அடுக்கி, ஐஸ் இல்லாமல், டேப் ஒட்டி அனுப்புகிறேன் என்றாள். டெம்போவை நன்றாகக் கழுவிவிட்டார்களாம்.

எனக்கு ஒரே சந்தோஷம். ஜன்னல் கவுண்டருக்கு வெளியே அண்ணாச்சி நின்றிருந்தார்.

“சங்கரா, கெளம்பிட்டா?”

“கெளம்பிட்டு அண்ணாச்சி. மீன் டெம்போல வருது.”

“எதுல வந்தா என்னடே. வந்தாச் சரி.”

பெட்டிகள் வந்தன. கூடவே பொல்ட்டு-தாவும் வந்தார், முகாமுக்காக அடித்த மஞ்சள் டி-ஷர்ட்டோடு. பேச்செல்லாம் வங்காளத்தில்தான் நடந்தது. நான் தமிழில் தருகிறேன்.

“ஷங்கர்-தா, கை வெச்சுப் பாருங்க” என்றார் பெருமையாக. “ஒரே டாட்கா.”

மீன் மார்க்கெட்டில் இந்தச் சொல்லைக் கேட்காமல் யாரும் வெளியே வர முடியாது. டாட்கா என்றால் அப்போதுதான் பிடித்தது, புத்தம் புதியது. நான் கை வைத்தேன். பெட்டி சில்லென்று இருந்தது. டேப்பைப் பிய்த்துத் திறந்தேன். பைகளுக்கு மேலே உடைத்த ஐஸ். கீழேயும் ஐஸ்.

“உங்க பொண்ணு மறந்துட்டா போல” என்றார் பொல்ட்டு-தா. “இந்த வெயிலில ஐஸ் இல்லாம அனுப்புறா. சின்னப் பொண்ணு, நான் ஒண்ணும் சொல்லல. வழியில நிறுத்தி நானே போட்டுக் கட்டிட்டேன். என் டெம்போல ஐஸ் இல்லாம ஒரு சாமானும் இதுவரை போனதில்ல.”

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இருபத்தைந்து வருடம் நானும் அதே தெய்வத்தைத்தானே கும்பிட்டேன். அதனால் வாயை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினேன். மேஜை இழுப்பறையைத் திறந்து, தலைவலி மாத்திரை ஒன்றை எடுத்து, தண்ணீர் கூட இல்லாமல் விழுங்கினேன். பயந்தால் எனக்கு முதலில் தலைதான் வலிக்கும். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தேன். அது சக்கர நாற்காலி. பின்னால் நகர்ந்து சுவரில் இடித்தது.

அப்போது எங்கள் மருத்துவ அதிகாரி உள்ளே வந்தார். மேடம் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். வயதில் என்னைவிட மிகவும் இளையவர், என்னை ‘தா’ போட்டுத்தான் பேசுவார். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் கோபித்துக்கொள்வார். நான் வியந்து பார்த்த மனிதர்கள் இந்தத் தொழிலில் பலர் உண்டு. அந்த ஒரு சாயங்காலத்துக்காக அவரை அந்த வரிசையின் முன்னால் நிறுத்துவேன்.

திறந்த பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பொல்ட்டு-தாவைப் பார்த்து, “ஐஸ் நீங்க வெச்சதா? ரொம்ப நேர்த்தியா வெச்சிருக்கீங்க” என்றார்.

பொல்ட்டு-தா மலர்ந்துபோனார்.

“எப்படி அடுக்கினீங்க, சொல்லுங்க. அடியில நேரா ஐஸ் மேலயே பை படுற மாதிரியா?”

“அடியில ஐஸ், அது மேல பிளாஸ்டிக் விரிச்சேன். அதுக்கு மேலதான் பை. ஈரம் படக் கூடாதில்லையா. ஆனா இந்தக் கடைசிப் பெட்டியில பிளாஸ்டிக் தீர்ந்துபோச்சு. அதுல நேராத்தான் போட்டேன்.”

“கடைசிப் பெட்டி எது?”

அவர் தயங்காமல் தொட்டுக் காட்டினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். என்னை விட்டிருந்தால் நான் கத்தியிருப்பேன். கத்தியிருந்தால் பொல்ட்டு-தா என்ன சொல்லியிருப்பார்? ‘கொஞ்சூண்டுதான் போட்டேன், எல்லாத்துலயும் பிளாஸ்டிக் விரிச்சேன்’ என்று சொல்லியிருப்பார். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். எந்தப் பெட்டி எந்தக் கதியில் இருக்கிறது என்பது கடைசிவரை எங்களுக்குத் தெரிந்திருக்காது. மேடம் உண்மையைக் கேட்டார், அது வருவதற்கு வழியைத் திறந்துவைத்துவிட்டுக் கேட்டார். அவர் முகத்தில் நடிப்பு இல்லை. அந்த ஐஸ் உண்மையிலேயே நேர்த்தியாகத்தான் இருந்தது.

பொல்ட்டு-தாவுக்கு டீ கொடுத்து வெளியே உட்கார வைத்துவிட்டு, நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். வெளியே பந்தலில் டாக் மேளம் ஆரம்பித்திருந்தது.

நான் சொன்னேன்: “மேடம், சுழற்றிப் பிரிச்சுடலாம். பிளேட்லெட் வரத்தான் செய்யும். எண்ணிக்கையும் இருக்கும். லேபிள் எல்லாம் ஒண்ணுதான். கொஞ்சமாவது வேலை செய்யாதா? மேல இருக்கிறவங்க எனக்கு மதினி முறை.”

இதைச் சொன்னபோது எனக்கு வெட்கமாக இல்லை. நியாயமாகவே பட்டது. பதற்றத்துக்கு அப்படி ஒரு குணம் உண்டு. எதைக் கேட்டாலும் நியாயம் மாதிரியே கேட்கும்.

மேடம் குரலை உயர்த்தவில்லை. “ஷங்கர்-தா, நாம இல்லைன்னு சொன்னா வார்டில என்ன செய்வாங்க?”

“வேற இடத்துல தேடுவாங்க.”

“கொடுத்தா?”

“ஏத்துவாங்க.”

“ஏத்திட்டு?”

அவரே சொன்னார். “ஏத்தியாச்சுன்னு காத்திருப்பாங்க. காலையில கவுன்ட் பார்க்கலாம்னு விட்டுடுவாங்க. அந்தக் காத்திருப்புதான் அவங்கள அழிக்கும். வெறும் கை கூட ஒரு பதில்தான் ஷங்கர்-தா. ஆனா இது பதில் மாதிரி இருக்கிற பொய்.”

கெட்டுப்போன பையால் பலன் இல்லை என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அது நோயாளியின் நேரத்தைத் தின்னும் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

உறைத்த உடனே நான் மறுபக்கம் சாய்ந்தேன். பதற்றக்காரனுக்கு நடுவில் நிற்கத் தெரியாது. “அப்ப எல்லாத்தையும் கொட்டிடலாம் மேடம். ஐஸ்ல கிடந்த ரத்தம், நமக்கெதுக்கு வம்பு” என்று பெட்டியைத் தூக்கப் போனேன்.

“வெச்சிடுங்க” என்றார். “காலையில எத்தனை பேர் வந்து படுத்திருப்பாங்க. சஷ்டி அன்னிக்கு, புதுத் துணி போட்டுக்கிட்டு. அவங்க நமக்குக் கொடுத்தது பிளேட்லெட் மட்டும் இல்லையே.”

பிறகு அவர் செய்ததை நான் கூடவே நின்று பார்த்தேன். பெட்டியின் உள்சூட்டை அளந்தார். பிளாஸ்டிக் விரித்த பெட்டிகளில் குளிர் வரம்புக்குள்தான் இருந்தது. அந்தப் பைகளோடு ஒட்டியிருக்கும் குழாயில் ஒரு துண்டை வெட்டிச் சுழற்றிப் பார்த்தோம். மேலே நின்ற பிளாஸ்மா வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தது. சிவப்பணு பத்திரம், பிளாஸ்மாவும் பத்திரம், போக வேண்டிய இடங்களுக்குப் போயின. கடைசிப் பெட்டியில் ஐஸை நேராகத் தொட்டுக்கொண்டிருந்த பைகளில் சிலவற்றின் பிளாஸ்மாவில் ரோஜா நிறம் தட்டியிருந்தது. உறைந்து உடைந்த சிவப்பணுக்களின் சாயம் அது. அந்தப் பெட்டியை மட்டும் முழுசாகத் தள்ளி வைத்தார். பொல்ட்டு-தாவின் விரல் காட்டிய பெட்டி.

ஆக, முகாம் வீணாகவில்லை. மதினிக்கு மட்டும் ஒன்றுமில்லை.

ஒருவரிடமிருந்து பிளேட்லெட்டை மட்டும் பிரித்தெடுத்து மீதி ரத்தத்தை அவருக்கே திருப்பி அனுப்பும் இயந்திரம் எங்களிடம் இருந்தது. ஒரே ஆள் கொடுத்தால் ஒரு நோயாளிக்குப் போதும். அந்த ஆள்தான் கிடைக்கவில்லை. வழக்கமாகக் கொடுப்பவர்களுக்கு வரிசையாகப் போன் போட்டேன். ஒருவர் பூரியில், ஒருவர் டார்ஜிலிங்கில். ஒருவர் போனை எடுத்தார், மேளச் சத்தம் மட்டும் கேட்டது, வைத்துவிட்டார். அண்ணாச்சிக்கு வயது தாண்டிவிட்டது. கடைப் பையன்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தார்கள்.

“பி பாசிட்டிவ் யாராவது இருந்தா நல்லது” என்றார் மேடம்.

நான் துள்ளி எழுந்தேன். “மேடம், நான் பி பாசிட்டிவ்.”

சட்டைக் கையை மடித்துவிட்டேன். அந்தச் சில நொடிகளில் எனக்குள் என்னென்ன ஓடின என்று சொன்னால் சிரிப்பீர்கள். மதினி குணமாகி எழுந்து உட்கார்ந்து, கண் கலங்க, ‘சங்கரா, நீயாடே’ என்று கேட்கிறார்கள். அண்ணாச்சி என் புளிக் கணக்கைக் கிழித்துப் போடுகிறார். மேடம் வழக்கமான கேள்விகளை ஆரம்பித்தார். காய்ச்சல் உண்டா, இல்லை. சமீபத்தில் ஊசி, இல்லை. சாப்பிட்டாச்சா, ஆச்சு. மாத்திரை ஏதாவது?

“இல்ல மேட…”

நிறுத்தினேன். இழுப்பறை பாதி திறந்தே கிடந்தது. மேடம் அதிலிருந்த அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஆஸ்பிரின். ஒன்று விழுங்கினால் உடம்பில் இருக்கும் பிளேட்லெட்டெல்லாம் நாள்கணக்கில் வேலைநிறுத்தம் செய்யும். கொடையாளர்களிடம் வருடக்கணக்கில் நான் கேட்ட கேள்வி அது. ரத்தத்தின் தரம் கொடுப்பவரின் வாயிலிருந்தே தொடங்குகிறது என்று சுவரில் ஒட்டியிருந்த வாசகம் கூட என் கையெழுத்துதான்.

“எப்ப போட்டீங்க?”

“ஐஸைப் பார்த்ததும்.”

மேடம் அன்றைக்குச் சிரித்தது அந்த ஒரு தடவைதான். சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்கியது. நான் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

அப்போது பொல்ட்டு-தா எட்டிப் பார்த்தார். முகம் மாறியிருந்தது. வெளியே உட்கார்ந்திருந்தவர் காதில் ஐஸ் பற்றிய பேச்சு மட்டும் விழுந்திருக்கிறது.

“நான் கெடுத்துட்டேனா?”

“ரத்தத்தைக் கெடுக்கல” என்றார் மேடம். “ரத்தம் நல்லா இருக்கு, பலபேருக்குப் போகும். அதுல ஒரு பகுதிக்கு மட்டும் குளிர் ஆகாது. இனிமே உங்களுக்குத் தெரியும்.”

“யாருக்காவது உடனே வேணுமா?”

“ஒரு நோயாளிக்கு வேணும். ஆள் தேடுறோம்.”

ஒலிபெருக்கியில் மின்சாரம் போன மாதிரி இருந்தது. பிறகு, “கிளப்ல யாரையாவது பார்த்துக் கூட்டிட்டு வர்றேன்” என்று முணுமுணுத்துவிட்டுக் கதவுப்பக்கம் திரும்பினார்.

திரும்பியபோது அவர் முதுகு எங்களைப் பார்த்தது. கிளப்காரர்கள் ஒவ்வொருவரின் டி-ஷர்ட் முதுகிலும் பெயரையும் ரத்த வகையையும் பெரிதாக அச்சடித்திருந்தார்கள். பொல்ட்டு. அதற்குக் கீழே, இருபது முழம் தூரத்திலிருந்தும் படிக்கிற அளவுக்கு, பி பாசிட்டிவ்.

“பொல்ட்டு-தா” என்றேன்.

அவர் நின்றார். தன் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கும் தெரியும்.

“நீங்க காலையில கொடுத்தீங்களா?”

“நான் செயலாளர். எல்லாத்தையும் பார்த்துக்கணுமே.”

“போன வருஷம்?”

“அப்பவும் செயலாளர்தான்.”

எத்தனையோ முகாம்கள். எல்லாருடைய கையையும் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர் ஒருமுறை கூடக் கட்டிலில் படுத்ததில்லை. நாங்கள் யாரும் கவனித்ததும் இல்லை. அவர் மெதுவாகச் சொன்னார்: “மீன் ரத்தம் பழக்கம். ஊசியைப் பார்த்தா எனக்கு அந்த இடத்திலேயே கண்ணு இருட்டும். சந்துல ஒருத்தருக்கும் தெரியாது. சொல்லிடாதீங்க.”

நான் உடனே அண்ணாச்சியைக் கூப்பிடப் போனேன். கண்ணெதிரே நோயாளியின் கணவர் கைகூப்பி நின்றால் யார் மறுப்பார்கள்? மேடம் என் முழங்கையைத் தொட்டு நிறுத்திவிட்டார். யாருக்கு என்று இவருக்குத் தெரியக் கூடாது, யாரிடமிருந்து என்று அவர்களுக்கும் தெரியக் கூடாது. அது எங்கள் விதி. சாதாரண நாளில் விதியை மதிப்பது சுலபம். அன்றைக்கு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி நெற்றியை ஜன்னல் கம்பியில் வைத்துக்கொண்டு நிற்க, மேடம் அதை மதித்தார்.

பொல்ட்டு-தாவிடம் சொன்னார்: “பயந்துக்கிட்டுக் கொடுக்கணும்னு இல்ல. வேண்டாம்னா டீயைக் குடிச்சிட்டுப் போங்க. எங்க யார் மனசுலயும் ஒண்ணும் இருக்காது. ஐஸ் போட்டதுக்கு ஈடாவும் கொடுக்க வேண்டாம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.”

அவர் ஆறிப்போன டீயைக் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்தார். “ஷங்கர்-தா என் கையைப் பிடிச்சுக்கிட்டா படுக்கிறேன்” என்றார்.

முதுகில் அச்சடித்ததை நம்பி நாங்கள் ரத்தம் ஏற்றுவதில்லை. ரத்த வகை, பிளேட்லெட் எண்ணிக்கை, மற்ற பரிசோதனைகள் எல்லாம் முடிய நேரமானது. மேடம் வார்டுக்குப் போன் செய்து உள்ளதை உள்ளபடி சொன்னார். முகாம் ரத்தத்தில் கிடைக்கவில்லை, ஒரு கொடையாளர் இருக்கிறார், இன்னும் உறுதியில்லை, நீங்களும் வேறிடத்தில் தேடுங்கள் என்றார். அவர் வாயில் ‘கண்டிப்பா’ வரவே இல்லை. அண்ணாச்சியிடமும் அதையே நான் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, “சரிடே. பொய் சொல்லாம சொன்னியே” என்றார். போனை எடுத்துக்கொண்டு வேறு ஆஸ்பத்திரிகளுக்குப் பேசப் போனார்.

பரிசோதனை எல்லாம் சரியாக வந்தது. பொல்ட்டு-தா படுத்தார். ஊசி ஏறும்போது என் கையை அவர் பிடித்த பிடியில் என் விரல்கள் பிளேட்லெட் மாதிரி உருவம் மாறின. அவருக்கு மயக்கம் வரவில்லை. எனக்குத்தான் லேசாகத் தலை சுற்றியது. இயந்திரம் உறுமிக்கொண்டே சுழன்றது. கொஞ்ச நேரம் கழித்து அவர், “உதடு சுறுசுறுங்குது. போயிட்டேனா?” என்றார். அது அந்த இயந்திரத்தில் சகஜம்தான். மேடம் சுண்ணாம்புச்சத்து மாத்திரை கொடுத்தார். அதை மென்றதும் ஒலிபெருக்கிக்கு மின்சாரம் திரும்பியது. ஹில்சா மீனைப் பார்த்து வாங்குவது எப்படி என்று எனக்கு வகுப்பெடுத்தார். கண்ணைப் பார், செவுளைப் பார், கடைசியாக வயிற்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்.

பை மெல்ல மெல்ல மஞ்சளாக நிறைந்தது. முடிந்ததும் மேடம் அதைக் குழல்விளக்குக்கு நேரே பிடித்து மெதுவாகச் சாய்த்தார். நல்ல பிளேட்லெட்டுக்கு இதுதான் அடையாளம் என்று உங்களுக்கும் காட்டியிருப்பார்கள். உள்ளே பட்டுச்சேலை மடிப்பு விரிகிற மாதிரி மின்னி மின்னிச் சுழன்றது. நான் எத்தனையோ தடவை பார்த்ததுதான். அன்று பார்த்ததுபோல் என்றும் பார்த்ததில்லை.

படுத்தபடியே தலையைத் திருப்பிப் பார்த்த பொல்ட்டு-தா, “ஹில்சா வயிறு” என்றார். பிறகு, நம்ப முடியாதவர் போல, “அது என்னோடதா?” என்று கேட்டார்.

“உங்களோடதுதான்” என்றார் மேடம்.

“டாட்கா” என்றார் மெதுவாக.

அந்தப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது என் கால் பழக்கத்தில் குளிர்பெட்டிப் பக்கம் இரண்டடி வைத்தது. மேடம் தொண்டையைக் கனைத்தார். நான் திரும்பி நேராக மாடிப்படி ஏறினேன். வெளியே விளக்குகள் போட ஆரம்பித்திருந்தார்கள்.

மறுநாள் காலை நான் வார்டுக்குள் நுழைவதற்கு முன்பே மதினியின் குரல் கேட்டது. “இதக் காப்பின்னு சொன்னது யாருன்னு கேக்கேன். கழுவுன தண்ணிக்குக் கூட ஒரு வாசம் இருக்கும்.” கைக்குட்டை தலையணைக்குப் பக்கத்தில் வெள்ளையாகக் கிடந்தது. அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.

லட்சுமி பூஜை முடிந்த பிறகு ஒரு நாள் மதினி எங்கள் கவுண்டருக்கே வந்தார்கள், கையில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளியோடு. “அது யாருன்னு நீ சொல்ல மாட்டியாம்லா. வீட்டுக்காரர் சொன்னாரு. இருக்கட்டும். முறுக்கு சுட்டேன். அந்தப் புண்ணியவாங்கிட்ட சேர்த்துரு.”

“அது விதிப்படி…”

“விதியெல்லாம் எனக்குத் தெரியாது. நீங்க எல்லாரும் தின்னுங்க. அதுல ஒருத்தர் தின்னா நான் கேக்கப் போறேனா?”

அடுத்த முகாம் பற்றிப் பேச பொல்ட்டு-தா அன்று மாலை வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் ஐஸோடு எவனாவது வந்தால் கையை ஒடிப்பேன் என்று மேடத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தூக்குவாளியைத் திறந்து நீட்டினேன். ஒன்றை எடுத்து, மூக்கருகே வைத்துப் பார்த்து, கடித்தார். அறை முழுக்க அந்த நொறுங்கல் கேட்டது.

“டாட்கா” என்றார். “யாரு செஞ்சது?”

“தெரிஞ்சவங்க.”

அவர் மெல்லுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். மேடம் ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“செஞ்சவங்க நல்லா இருக்காங்களா?”

“நல்லா இருக்காங்க.”

பொல்ட்டு-தா தலையாட்டினார். வாளியிலிருந்து இன்னொரு முறுக்கை எடுத்து, உடையாமல், சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.